குளிரில் எரியும் விளக்கு

வோல்னா என்ற சிற்றூரை நெருங்கும்போது விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஆரஞ்சு நிறத்தில், டயர் படமும் நடுவில் ஓர் ஆச்சரியக்குறியும்.

கனடாவின் சஸ்காச்சுவானில் ஜனவரியில் அந்த விளக்கு எரியாத வண்டி கிடையாது. குளிரில் டயருக்குள் காற்று சுருங்கும், சென்சார் எச்சரிக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். என் மனைவி நாடியா அதைப் புளுகு மூட்டை என்பாள். சில குளிர்காலங்கள் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தாள்.

அக்டோபரில் அவளுக்குக் கெண்டைக்காலில் வலி வந்தது. தானாகச் சரியாகிவிடும் என்றாள். ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. அவளை அடக்கம் செய்துவிட்டு வந்ததும் நான் டேப்பைப் பிய்த்துப் போட்டேன். அதன்பிறகு எந்த எச்சரிக்கையையும் என்னால் சும்மா விட முடிவதில்லை.

பின் இருக்கையில் என் மகள் டானியா இருமினாள். அவளுக்கு இரண்டு வயது. நாய் குரைப்பது போன்ற இருமல். மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் ஒரு கீச்சொலி. வீட்டிலிருந்து போன் செய்தபோது நர்ஸ் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “உடனே நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க” என்றாள். “நல்லா போத்திவிட்டு ஜன்னலக் கொஞ்சம் திறந்து வைங்க. குளிர் காத்து பட்டா தொண்டை வீக்கம் லேசா அடங்கும். அதை நம்பி வழியில எங்கயும் நின்னுடாதீங்க.”

நின்றேன்.

வோல்னாவைத் தாண்டினால் நகரம் வரை வீடு கிடையாது, போனில் சிக்னலும் கிடையாது. மைனஸ் முப்பத்தெட்டு. விளக்கு சொல்வது உண்மையாக இருந்து அந்த வெட்டவெளியில் டயர் போனால் இருவரும் பிழைக்க மாட்டோம். இரண்டு நிமிட வேலை என்று நினைத்து பெட்ரோல் பங்க்கில் ஒதுக்கினேன்.

பங்க்கின் காற்றுக்குழாய் உறைந்து கம்பிபோல நின்றது. என் வண்டியில் உபரிச் சக்கரம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சின்ன கம்ப்ரஸரும், ஓட்டையை அடைக்கும் பசைக்குப்பியும் கொடுத்திருந்தார்கள். எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன். முன் இடது டயரின் வால்வு மூடியைத் திருகினேன். அசையவில்லை. சென்சாரோடு சேர்ந்த அலுமினிய வால்வு அது. சாலையில் போடும் உப்பு அதையும் மூடியையும் ஒன்றாக்கியிருந்தது. குறடு எடுத்துத் திருகினேன்.

மூடி வால்வோடு சேர்ந்து ஒடிந்து கையில் வந்தது.

காற்று சீறியது. கையுறையைக் கழற்றிவிட்டு ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். விரல் உலோகத்தில் ஒட்டிக்கொண்டது. வண்டி என் பக்கமாக மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தது. பசையையும் அந்த வால்வு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். விரலைப் பிய்த்து எடுத்தேன்.

டானியாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். கல்லாவில் ஒரு பெண் தனியாக இருந்தாள். சட்டையில் வேரா என்ற பெயர்ப்பட்டை.

“ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் இருந்தேன்,” என்றாள். “ஜனவரியில எவனாவது அந்த மூடியத் தொடுவானா தம்பி?”

“விளக்கு எரிஞ்சுது.”

“விளக்கு எரியாட்டித்தான் பயப்படணும். எங்க ஊர்ல எல்லா வண்டியிலயும் கிறிஸ்துமஸ் விளக்கு மாதிரி எரியுது, நாங்க பாட்டுக்கு...”

டானியா இருமினாள். வேரா சிரிப்பதை நிறுத்திவிட்டுக் குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஓரம் நீலமாக இருந்தது.

அவள் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குப் பேசினாள், அவர்கள் கேட்டதால் என் போன் நம்பரையும் வாங்கிச் சொன்னாள். “ஒரு பஸ் பள்ளத்துல இறங்கிடுச்சாம். எல்லாரும் அங்க இருக்காங்க. ஒரு மணி நேரம் ஆகும்ங்கறாங்க. கூடவும் ஆகலாமாம்.”

“உங்க வண்டி?”

“எம் புருஷன் என்னை இறக்கிவிட்டுட்டு மீன் பிடிக்கப் போயிட்டான். ஏரி நடுவுல ஐஸ்ல ஓட்டை போட்டு உக்காந்திருப்பான். போன எடுத்தா மீன் ஓடிடுமாம்.”

வாசலில் ஒரு பிக்அப் உறுமிக்கொண்டு நின்றது. பின்னால் வெள்ளைப் புகை. இந்தக் குளிரில் அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பதால் யாரும் அணைப்பதில்லை. சாவி உள்ளேயே இருக்கும். கதவையும் பூட்ட மாட்டார்கள். பிறத்தியார் வண்டியை யாரும் எடுப்பதும் இல்லை.

“அது யாரோடது?”

“கோர்னி வீப்போடது. எதிர்ல ஐஸ் ரிங்க்ல கல்லு தள்ளி கர்லிங் ஆடிட்டிருக்கான். ஆட்டம் முடியறதுக்கு முன்னாடி வெளிய வரமாட்டான், அவன் வீடே பத்தி எரிஞ்சாலும்.” என் கண் போன இடத்தை அவள் பார்த்துவிட்டாள். சட்டென்று திரும்பி சிகரெட் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தாள். “எனக்கு முதுகுல கண்ணு கிடையாது தம்பி. ஜன்னல்ல என்ன நடக்குதுன்னு எனக்கெப்படித் தெரியும்? போ.”

என் வண்டியில் குழந்தை இருக்கையின் கொக்கி குளிரில் இறுகியிருந்தது. பல்லால் இழுத்துக் கழற்றினேன். பிக்அப்பில் கட்டி, டானியாவை உட்காரவைத்துப் போர்த்தினேன். அவள் அழவில்லை. அழுவதற்கு மூச்சு போதவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் கவனித்தேன். கோர்னியின் வண்டியிலும் அதே ஆரஞ்சு விளக்கு.

வண்டி தட்தட் என்று அடித்தது. அதில் புதுமை இல்லை. கடுங்குளிரில் நின்ற டயர், தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாக உறைந்துபோயிருக்கும். சிறிது தூரம் ஓடினால் சூடாகி வட்டத்துக்கு வரும், சத்தமும் போய்விடும். நான் காத்திருந்தேன். சத்தம் போகவில்லை. பின்பக்கம் வலது மூலையில் நிலைத்து நின்றது. இறங்கிப் பார் என்றது விளக்கு.

கீச்சொலி கேட்கும்வரை மூச்சு இருக்கிறது. அது ஒன்றுதான் எனக்குக் கணக்கு. ஆனால் வேகம் கூட்டினால் தட்தட் அதை மூழ்கடித்தது. குறைத்தால் கேட்டது. நகரமோ தள்ளிப்போனது. காதில் வாங்குவதற்காகக் குறைத்தேன். கேட்டதும் மிதித்தேன். மறுபடி குறைத்தேன்.

“டானியா, மாடு எப்படிக் கத்தும்?”

“ம்...”

“குட்டிம்மா, நாய்?”

பதில் இல்லை. தட்தட் மட்டும். அவள் பக்கத்து ஜன்னலை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். பனிப்பொடி உள்ளே சுழன்றது. நாடியா, நாடியா என்று சொல்லிக்கொண்டிருந்தது நான்தான் என்று பிறகு புரிந்தது. வண்டி வலப்பக்கம் இழுத்தது. இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினேன். நிறுத்தினால் மறுபடி எதையாவது தொடுவேன். தொட்டால் ஒடியும். நிறுத்தவில்லை.

அவசர சிகிச்சை வாசலில் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

ஒரு கரண்டி மருந்து ஊற்றினார்கள். முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகையைச் செலுத்தினார்கள். டானியா மாஸ்க்கைத் தட்டிவிட்டாள், பிறகு அழுதாள். முழுத்தொண்டையில் அழுதாள். டாக்டர், “அழறாளே, நல்லது” என்றார். யாரோ என் கட்டைவிரலுக்குக் கட்டுப் போட்டார்கள். அதில் கொஞ்சம் தோல் இல்லை.

அவள் தூங்கிய பிறகு தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

“என் வண்டியத் திருடினவன் நீதானா?”

“ஆமாங்க.”

“ஆட்டத்துல தோத்துட்டு வெளிய வரேன், நின்ன இடத்துல வண்டியும் இல்ல. என்ன எழவு நாளுடா இது.” மூச்சு வாங்கினார். “வேரா சொன்னா. பாப்பா?”

“தூங்குறா.”

“மூச்சு?”

“விடுறா.”

“சரி. வண்டி எங்க?”

பேசிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பின் வலது சக்கரம் தரையோடு தரையாக இருந்தது. ரப்பர் கிழிந்து நாராகத் தொங்கியது. இரும்பு வளையம் பனியில் பதிந்திருந்தது.

“டயர் போச்சு. விளக்கு எரிஞ்சுட்டே இருந்துச்சுங்க.”

“அது எப்பவும் எரியும்.”

“இன்னிக்கு நெசமாவே எரிஞ்சிருக்கு.”

“நிறுத்திப் பாத்தியா?”

“இல்ல.”

“உன் வண்டிய மட்டும் நிறுத்திப் பாத்தியாமே, வேரா சொல்லிச் சொல்லி மாஞ்சு போறா.” சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். “டயர விடு. முன்பக்கம் எஞ்சினச் சூடா வைக்கிற பிளக் வயர் தொங்கும். வண்டிய மெதுவா நகர்த்தி, பார்க்கிங்ல சுவரோரம் இருக்கற பிளக்ல செருகு. அப்புறம் சாவியத் திருப்பி அணை. எஞ்சினாவது மிஞ்சட்டும். நீ உள்ள போய் உக்காரு.”

இரும்பு வளையம் உரச, சுவர்வரை ஊர்ந்தேன். கட்டுப்போட்ட விரலோடு வயரைச் செருகினேன். எஞ்சினை அணைத்தேன்.

உள்ளே திரும்பியபோது அறை அமைதியாக இருந்தது. கீச்சொலி இல்லை. வழியெல்லாம் அதைக் கேட்டு வந்த காதுக்கு அது நின்றது பிடிபடவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவள் வாயருகே காதை வைத்தேன்.

மூச்சு வெதுவெதுப்பாகப் பட்டது. நிமிர்ந்தேன். நம்பிக்கை வராமல் மறுபடி குனிந்தேன்.