வாசலில் வைத்த பலகை

மராத்தி பேசும் ஊரான வாகட்டில் டாக்டர் ரோஹிணி நடத்தும் சிறிய ஆஸ்பத்திரியில் மருந்துக்கடை அமலாவின் பொறுப்பு. நோயாளிகள் எந்தக் கடையிலும் மருந்து வாங்கலாம் என்று பலகை வைக்கும்படி அரசு உத்தரவு வந்ததும், லிஃப்டுக்குப் பக்கத்துச் சந்தில் மாட்டிவிடலாம் என்றுதான் அமலா நினைத்தாள். அக்கம்பக்கத்தில் அப்படித்தான் செய்திருந்தார்கள். ரோஹிணியோ அதை வாசலிலேயே, மராத்தியில் கொட்டை எழுத்தில் வைக்கச் சொன்னாள்.

சீக்கிரமே பாதிக் கூட்டம் எதிரேயிருந்த மனோஜின் மருந்துக்கடைக்குப் போய்விட்டது.

“கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சுக்கலாமுங்களா டாக்டர்? எந்த எடம்னு உத்தரவுல சொல்லலீங்க” என்றாள் அமலா, கோயம்புத்தூர்ப் பேச்சு மாறாமல்.

“படிக்கத்தானே போர்டு? அவங்க அங்க ஏன் போறாங்கன்னு பார்த்தீங்களா?”

அமலா பார்த்ததில்லை. மறுநாள் மனோஜ் கடையில் போய் நின்றாள். அதே மருந்து, வேறு கம்பெனி, விலை குறைவு. இத்தனை வருஷம் யாரிடமும் பேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தது உறைத்தது. மொத்த வியாபாரிகளோடு மல்லுக்கட்டி விலையைக் குறைத்தாள். நோயாளிகளிடம் மிஞ்சிய மாத்திரைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். மருந்தைப் படுக்கைக்கே கொண்டுபோய், எப்போது எதைச் சாப்பிடுவது என்று விளக்கினாள். போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள்.

சோதனைக்கு வந்த அதிகாரி பலகையைப் பாராட்டினார். அறை வாடகை, ஆபரேஷன் கட்டணம் எல்லாவற்றையும் அரசே நிர்ணயித்துவிட்டால் தொல்லையில்லை என்றார். ரோஹிணி தலையாட்டிவிடுவாள் என்று அமலா நினைத்தாள்.

“எங்க ரேட்டை வெளியே எழுதிப் போடச் சொல்லுங்க, போடறேன். ஏமாத்தினா லைசென்ஸைப் பிடுங்குங்க” என்று ரோஹிணி மராத்தியில் நிதானமாகச் சொன்னாள். “எல்லாருக்கும் ஒரே ரேட்னா, கூடுதல் நர்ஸ் வெச்சுப் பார்த்துக்கிறவங்கதான் முதல்ல கடையை மூடுவாங்க.”

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவைப் பார்க்கலாமா என்று கேட்டார். இருவரும் பேசிக்கொண்டே மாடியேறுவதைப் பார்த்தபடி நின்றாள் அமலா. சட்டத்தை ஓர் அங்குலமும் ஏய்க்காததால்தான் இவளால் சட்டக்காரரின் முகத்தைப் பார்த்து மறுக்க முடிகிறது என்று தோன்றியது. பெருமையாக இருந்தது.

அந்த வாரமே மனோஜும் விலையை இறக்கினான். பிறகு ஒரு சாயங்காலம் அவனே வந்து, சரக்கை எங்கே எடுக்கிறாய் என்று கேட்டான்.

“அதையும் போர்டுல போடணும்னு எந்த உத்தரவும் வரலியே” என்று இந்தியில் சொல்லிவிட்டு, அமலா அவனுக்கு ஒரு டீ சொன்னாள்.