தவளை புகுந்த வாக்கியம்

என் தம்பி திபேரியுவை வெள்ளிக்கிழமை மனநல மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்குமுன் டாக்டர் வ்லாய்கு அங்கே வேலை பார்க்கும் நான் எழுதிய புரோகிராம் போடும் மதிப்பெண்ணையும் கேட்டார். நோயாளி பேசுவதை எழுத்தாக்கி, ஒவ்வொரு சொல்லையும் எண்களின் வரிசையாக மாற்றி, ஒரு வாக்கியம் அடுத்ததற்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று அது அளக்கும். பேச்சு கோவையாக வந்தால் மதிப்பெண் ஏறும், தாவித் தாவிப் போனால் இறங்கும். சொந்தத் தம்பியின் பதிவைத் தொடவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, தொட்டேன்.

மதிப்பெண் பாதாளத்தில் கிடந்தது. அவன் மருத்துவமனைக்கு வந்த அன்று எடுத்ததைவிட மோசம். எழுந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு அவன் பதில் அது. கதவு, சாவி என்று ஒழுங்காகத்தான் தொடங்குகிறான். பிறகு மதிப்பெண் கோடு சடாரென்று விழுகிறது. சொல் சொல்லாகச் சோதித்துக் குற்றவாளியைப் பிடித்தேன்: ப்ரொவாஸ்காவை மாற்றுவேன் என்கிறானே, அந்த ப்ரொவாஸ்கா. எங்கள் ருமேனிய மொழியில் தவளையும் அதுதான், கதவுப் பூட்டும் அதுதான். இணையத்து எழுத்தைத் தின்று வளர்ந்த என் புரோகிராமுக்குத் தவளை மட்டுமே தெரிந்திருக்கிறது. கதவுக்கும் சாவிக்கும் நடுவே ஒரு குளத்தையே கொண்டுவந்து வைத்துவிட்டது, சனியன்.

பூட்டுக்குத் தனி எண்கள் கொடுத்தேன். மதிப்பெண் மளமளவென்று ஏறியது. டாக்டரிடம் ஓடினேன். தவளைக் கதையைக் கேட்டு அவர் சிரித்தார்.

"கோவையாத்தான் பேசியிருக்கார். ஆனா பூட்டை எதுக்கு மாத்தணுமாம்? கேட்டீங்களா?"

கேட்கவில்லை. எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்து சாமான்களை இடம் மாற்றுகிறார் என்று பயந்துதான் அவனுக்கு நோயே தொடங்கியது. மறுபடி அதே பயம் என்றால் வெள்ளிக்கிழமை போச்சு.

தம்பி முற்றத்துப் பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். பூட்டை மாற்றுவது அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்காகவா என்று நேரடியாகவே கேட்டேன்.

"அவரா? பாவம், அவர் எதுக்கு வரப்போறாரு. அதெல்லாம் அப்போ என் மண்டை பண்ணின வேலை." தோலைத் துப்பினான். "இன்னொரு சாவி உன்கிட்டதானே அக்கா இருக்கு. அன்னைக்கு அதைப் போட்டுத் திறந்துதானே ஆம்புலன்ஸ்காரங்களைக் கூட்டிட்டு வந்த."

வேறு வழி தெரியவில்லை என்றேன்.

"தெரியும். தப்புன்னு சொல்லல. இனிமே மணி அடிச்சுட்டு வா."

கோபம் வந்தது. இவனுக்காக எத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன் என்று சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு அவன் நீட்டிய விதைகளை வாங்கிக்கொண்டேன்.

மாடிக்குத் திரும்பியதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். தம்பி யாருக்குப் பயந்து பூட்டை மாற்றுகிறார் என்று கேட்டார்.

"பயமெல்லாம் இல்ல டாக்டர். நான் உள்ள வரக்கூடாதுன்னுதான்."

அவர் பேனாவை எடுத்துக் கோப்பைத் திறந்தார்.

"அப்போ வெள்ளிக்கிழமை அனுப்பிடலாம்" என்றார்.