ஒரே ஊற்றில் நான்கு மோட்டார்

விடியுமுன்பே விண்ணரசி குடத்தோடு நாற்றங்காலில் குனிந்துவிட்டாள். மோட்டார் போட்ட சத்தத்துக்குக் குறைவில்லை. குழாயில் வந்ததோ விரல் தடிமன் தண்ணீர். அதைப் பிடித்துப் பிடித்து ஊற்றியதில் இடுப்பு விட்டுப்போனது. நாற்று நுனியெல்லாம் தீய்ந்திருந்தது. குடத்துத் தண்ணீரை ஒரு வாய் அள்ளிக் குடித்தவள் துப்பினாள்.

"என் போர்லயும் உப்பு ஏறிடுச்சு!"

பக்கத்து வயலில் நின்ற ரெத்தினம் தலை நிமிரவில்லை. எப்படி நிமிர்வான்? ஆற்றில் தண்ணீர் வராத வருஷம், முதலில் போரை ஆழமாக இறக்கியவன் அவன்தான். அதில் இவளுடையது வற்றியது. இவள் அவனைவிட ஆழமாக இறக்கினாள். அப்புறம் மற்றக் குத்தகைக்காரர்களான கமருன்னிஸாவும் மருதையனும் இறக்கினார்கள். நால்வருக்கும் அடியில் இருந்தது ஒரே ஊற்று. போட்டி போட்டு உறிஞ்சிய வெற்றிடத்தில் முத்துப்பேட்டைப் பக்கமிருந்து கடல் நுழைந்துவிட்டது.

நிலத்துக்காரர் சாமிதுரையின் கார் வந்து நின்றது. அதைப் பார்த்துக் கமருன்னிஸாவும் மருதையனும் தங்கள் வயலிலிருந்து வந்து சேர்ந்தார்கள்.

"நாலு பேரும் குத்தகைய விட்டுடுங்க. எறால் குட்டைக்கு நெலம் கேக்குறாங்க. அதுக்கு உப்புத் தண்ணிதான் வேணும்."

"மழை பெஞ்சா உப்பு எறங்கிடுங்கய்யா" என்றாள் விண்ணரசி.

"எந்த மழை? பெஞ்சா ஒரே நாள்ல கொட்டி மூழ்கடிக்குது, இல்லன்னா ஐப்பசியிலயும் காயுது. பூமியே சூடாயிடுச்சாம். இனிமே இப்படித்தான். ஒம் மவன் எல்வின் திருப்பூர் போன மாதிரி நீயும் கெளம்பு."

"சூடாக்குனது எங்க மாட்டு வண்டியாய்யா? குட்டை வெட்டுனா இந்த மண்ணு என்னிக்குத் தேறும்?"

"ஞாயித்துக்கிழமை வருவேன். முடிவச் சொல்லுங்க."

கார் போனது. விண்ணரசிக்கு வந்த ஆத்திரத்தில் பாதி தன்மீதே இருந்தது. விறுவிறுவென்று போய்த் தன் மோட்டாரை நிறுத்தி, மின்பெட்டியிலிருந்து பீஸ்கட்டையைப் பிடுங்கினாள்.

"இனி இப்படித்தான்னா நாமளும் இப்படியே இருக்க முடியாது. ஆழம் கம்மியான ரெத்தினம் போருலதான் உப்பும் கம்மி. அது மட்டும் ஓடட்டும், முறை வச்சு எறைப்போம். வர்ற மழையப் புடிக்கக் கொளத்தத் தூர் வாருவோம்."

"இவன நம்பியா?" என்று ரெத்தினத்தைக் காட்டினான் மருதையன்.

கமருன்னிஸா தன் பீஸ்கட்டையைக் கொண்டுவந்து விண்ணரசி கையில் வைத்தாள். "எங்க வூட்டுக்காரரு சவுதியில ஒழைச்சதெல்லாம் இந்தக் குழிக்குள்ளதான் போச்சு. போதும்."

முணுமுணுத்துக்கொண்டே மருதையனும் கொடுத்தான். ரெத்தினம் போய்த் தன் மோட்டாரைப் போட்டான். பிறகு தன் குழாயைத் திருப்பி விண்ணரசியின் நாற்றங்காலில் விட்டான்.

"மொத முறை ஒனக்கு."

ஞாயிற்றுக்கிழமை சாமிதுரை வந்தபோது நால்வரும் வறண்ட குளத்துக்குள் மண்வெட்டியோடு நின்றார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.

"என்ன முடிவு?"

ரெத்தினம் தலை நிமிர்ந்தான். "நெலத்த விடமாட்டோம்யா. நாலு பேருந்தான் சொல்றோம்."

மண்வெட்டிகள் மறுபடி விழத் தொடங்கின.