ஹென்றி உதைத்த வள்ளம்

ஷெர்லின் டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்கு இயக்க விதிகளை நடத்தி முடித்த அன்று சாயங்காலம், தம்பி ஹென்றி மறுபடியும் வாசலில் வந்து நின்றான். நாற்பது நாளாக இதே கேள்விதான்.

"யக்கா, கணக்குப் போட்டியா? என் காலுதானா? தரையில மிதிச்சாலும் வள்ளம் பின்னால போவுதுக்கா."

ஷெர்லினின் புருஷன் ஆன்டனி நாற்பது நாளுக்கு முன் சங்கு குளிக்கப் போய் உயிரோடு திரும்பாதவன். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதன் காற்று நீளக் குழாய் வழியே கடலடியில் இருப்பவன் வாய்க்குப் போகும். அவன் போகிற பக்கம் வள்ளமும் போக வேண்டும் என்று நங்கூரம் போடமாட்டார்கள். மேலே இருப்பவன் தலையே போனாலும் வள்ளத்தை விட்டு இறங்கக் கூடாது. அன்று மேலே இருந்தவன் ஹென்றி. நீர்க்குமிழி குறைந்ததைப் பார்த்து, மச்சானுக்கு என்னவோ என்று பதறி, வள்ளத்தின் விளிம்பை உதைத்துக் குதித்துவிட்டான். கீழே போய்ப் பார்த்தால் குழாய் ஆன்டனி வாயில் இல்லை.

வகுப்பில் பிள்ளைகள் மூன்று விதிகளையும் தனித்தனியாக நெட்டுருப் போடுகிறார்கள். ஒரே உதையில் மூன்றும் இருப்பது ஷெர்லினுக்குத் தெரியும். ஹென்றி வள்ளத்தைத் தள்ளிய அதே விசையில் வள்ளம் அவனைத் தள்ளியது. சங்கு ஏறாத வெற்று வள்ளம் அது. எடை குறைந்தால் வேகம் கூடும். ஓடத் தொடங்கியது, தடுக்க ஒன்று வரும்வரை ஓடும். தண்ணீர் தடுக்கும்தான். அதற்குள் எட்டடி போயிருக்கும். குழாயில் தொய்வாக மிச்சம் இருந்ததோ நாலடி. அதற்கு மேல் இழுத்தால் வாயிலிருந்து பிடுங்கிவிடும். நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டாள், விடை மாறவே இல்லை.

அவனை அறைய வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. சோறு இறங்காமல் எலும்பும் தோலுமாக நின்றவனைப் பார்த்தால் பெற்றவளைப்போல் வயிறு எரியவும் செய்தது.

"உன் காலு இல்லலே. வள்ளம் ஒரு அடிகூட நகந்திருக்காது. தண்ணி புடிச்சிருக்கும்."

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

ஹென்றி தேம்பித் தேம்பி அழுதான். பிறகு இரண்டு தட்டுச் சோறு தின்றான். விடிந்ததும் கடலுக்குப் போய்விட்டான்.

அன்று காலை வகுப்பில் ஒரு பெண் மூன்றாம் விதியை ஒப்பித்தாள். "சரி, உக்காரு" என்று சொல்லி ஷெர்லின் மேடையிலிருந்து இறங்கக் காலை ஊன்றினாள். மேடை மெதுவாகப் பின்னால் நழுவியது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அது இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

தரையில் கால் வைத்தாள். தரையும் நழுவியது. நழுவிக்கொண்டே இருந்தது, தடுக்க ஒன்றும் வரவில்லை.