கலாராணிக்கு இரண்டாம் சடங்கு

"குடிச்சிருக்கியா, கலா?"

ரத்தினம்மா காதோடுதான் கேட்டாள். ஆனால் கண்டி மஹய்யாவையில் அந்த வீட்டின் முன் அறை எட்டடிக்குப் பத்தடி. கதிரையில் உட்கார்ந்திருந்த கோயில் கமிட்டித் தலைவர் முத்துலிங்கத்துக்குக் கேட்காமல் போக வழியில்லை. அவருடைய வேட்டியில் அரைக் கோப்பை பிளேன்டீ கொட்டிக் கிடந்தது. கொட்டியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரிக்கக் கூடாது என்று கலாராணிக்கு நன்றாகத் தெரியும். வந்திருப்பவர் பெரிய மனிதர். பக்கத்தில் நிற்பவள் கணவனின் அக்கா. இரண்டும் தெரிந்திருந்தும் சிரிப்பு நிற்கவில்லை. தரை மெல்ல மேலே எழும்பி இறங்கியது. முத்துலிங்கத்தின் மீசை இரண்டாகி, ஒன்று கதவுப் பக்கமும் மற்றது அலுமாரிப் பக்கமும் நகர்ந்து போனது.

"மன்னிச்சுக்கங்க ஐயா. ரெண்டு பேரா இருக்கீங்க. எந்த ஆளு கையில டீயக் குடுக்கிறதுன்னு வெளங்கல."

கணவன் திவாகரன் ஓடிவந்து அவளைப் பிடித்து உட்காரவைத்தான். உட்கார்ந்தவள் அப்படியே மேசையில் தலையைச் சாய்த்தாள். இரண்டு நிமிடத்தில் குறட்டை கேட்டது.

"தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்ல போல" என்று முத்துலிங்கம் வேட்டியைப் பிழிந்துகொண்டே எழுந்தார். "எப்பவும் போல மொதப் பான ஒங்க வீட்டுதுதான். அடுத்த மாசம் கடைசி வெள்ளி. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் பொங்கல் பானை வைக்கும் உரிமை மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. ஒரு காலத்தில் ரத்தினம்மாதான் வைத்தாள். அவளுடைய புருஷன் இறந்த வருடம் அவளைப் பானைப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கை அதே கைதான், தாலிதான் இல்லை. தம்பி வீட்டோடு வந்து சேர்ந்த ரத்தினம்மா, தன்னிடமிருந்து பிடுங்கிய கரண்டியைத் தானே தம்பி பெண்சாதியின் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டின் சுத்தத்துக்கு அவளே காவல்.

கலாராணிக்கு ஐம்பத்தொரு வயது. கண்டி டவுனில் ஜவாஹிர் முதலாளியின் புடவைக் கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். மாதா மாதம் மூன்று நாள் அவளுக்கு வீட்டின் பின்னால் இருக்கும் ஒண்டு அறைதான். தனித் தட்டு, தனிப் பாய். மகள் சர்மிளா பன்னிரண்டு வயதிலிருந்தே சண்டை பிடித்து, கேம்பஸ் போன பிறகுதான் அதிலிருந்து தப்பினாள். கலாராணி சண்டை பிடிக்கவில்லை. பத்து மாதத்துக்கு முன்பு மாதவிலக்கு தானாக நின்றபோது ரத்தினம்மா பாயாசம் வைத்தாள்.

"இனி ஒனக்குப் பின்னறை இல்ல. சுத்தமாயிட்ட."

பாயாசம் வைத்த அந்த வாரமே உடம்பு எரியத் தொடங்கியது. மார்கழிக் குளிரில் ஊரே ஸ்வெட்டருக்குள் சுருண்டிருக்க, கலாராணி மட்டும் கழுத்து சிவந்து வேர்த்துக் கொட்டினாள். தூக்கம் ஒரேயடியாகப் போனது. மூன்று யார்டு கேட்ட பெண்ணுக்கு ஒன்றரை யார்டில் துணியை வெட்டினாள். "இந்தக் கலர் கொஞ்சம் மங்கல்" என்று ஒரு வாடிக்கைக்காரி சொன்னதற்கு விம்மி விம்மி அழுதாள். கடையில் காசுமேசையில் இருக்கும் ஹபீலாதான் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் அம்மா இரண்டு மாத்திரை எழுதினார். தினமும் காலையில் ஒன்று, அது எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும். மாதத்தில் பன்னிரண்டு நாள், படுக்கப்போகும் நேரம் இன்னொன்று. அதன் பெயர் புரோஜெஸ்டெரோன். அது கருப்பையைக் காப்பாற்ற; போட்டதும் மயக்கமாகத் தூக்கம் வரும். "முதல் மாத்திரையைத் தனியாகச் சாப்பிடவே கூடாது, கருப்பைக்கு ஆபத்து" என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். கலாராணி தலையாட்டினாள். சீக்கிரம் போட்டால் சீக்கிரம் தூக்கம் வரும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு, முதல் நாள் சாயந்தரம் ஐந்தரைக்கே இரண்டாவதை வாயில் போட்டுக்கொண்டாள். முத்துலிங்கம் வந்தது ஆறேகாலுக்கு.

மறுநாள் கடையில் இதைக் கேட்டு ஹபீலா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள்.

"அல்லாஹ்வே! அசர் தொழுக நேரத்துலயா மாத்திரயக் குடிச்ச நீங்க? ஆடாம என்ன செய்ற! கட்டில்ல ஏறி உக்காந்து, லைட்ட அணைக்கப் போற நேரம் குடிக்கோணும். எனக்கும் மொத மாசம் அப்பிடித்தான் ஈந்திச்சி. எங்கட ஊட்டுக்காரர் மர்சூக்கப் பாத்து 'நீங்க யாரு?'ன்டு கேட்டேன்."

"நெஞ்சு தொட்டா உசிரு போவுது ஹபீலா."

"உள்பாடிய ஒரு சைஸ் பெரிசா வாங்குங்கோ. வயிறு ஊதுதா? உப்பக் கொறைங்கோ, ஸ்கர்ட் நாடாவ லூசாக் கட்டுங்கோ. ரெண்டு மூணு மாசத்துல ஒடம்பு பழகும். பழகாட்டி டாக்டர்ட்ட சொல்லுங்கோ, மாத்தித் தருவாங்க. சும்மா பொறுத்துக்கிட்டு ஈக்க வேணாம்."

"காரணமே இல்லாம அழுக வருது."

"வந்தா இங்க மேசக்குப் பின்னுக்கு வாங்கோ. நானும் சேந்து அழுறேன்."

அன்றிலிருந்து கலாராணி கட்டிலில் ஏறிய பிறகுதான் மாத்திரையைப் போட்டாள். "ஏங்க, கட்டில் பொறப்புடுது, ஏறிட்டீங்களா?" என்று திவாகரனைக் கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்வதற்குள் தூங்கிப் போவாள். விடிந்து எழும்பும்போது எதிரே ஹந்தானை மலை ஆடாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. பத்து மாதமாக அப்படி ஒரு காலையை அவள் பார்த்ததில்லை. பஸ்ஸுக்கு நடக்கையில் கால் தானாகத் துள்ளியது.

பன்னிரண்டு மாத்திரையும் முடிந்த மூன்றாம் நாள் காலை, சமையலறை வாசலில் நின்று அவள் சொன்னாள்:

"அண்ணி, வந்திருச்சு."

"என்னா வந்திருச்சு?"

"அதுதான்."

டாக்டர் முன்னமே சொல்லித்தான் இருந்தார், மாத்திரை நிற்கும்போது இரத்தம் வரும், பயப்பட வேண்டாம் என்று. கலாராணி அதை வீட்டில் சொல்ல மறந்திருந்தாள். ரத்தினம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தாள்.

"உள்ள வராத."

முப்பது வருடப் பழக்கம், கால் தானாகவே பின்னறைக்குத் திரும்பியது. அங்கே இப்போது திவாகரனின் ஆட்டோ டயர்கள் அடுக்கிக் கிடந்தன. பாய் விரிக்க இடமில்லை. கேம்பஸ் லீவில் வீட்டுக்கு வந்திருந்த சர்மிளா பத்து மணிக்கு அவளைத் தேடிவந்து கண்டது, இரண்டு டயருக்கு மேல் கையில் தட்டோடு குந்தியிருந்த அம்மாவைத்தான். விஷயத்தைக் கேட்டதும் சர்மிளாவுக்கு முதலில் கோபம் வந்தது. அடுத்த நொடி சிரிப்புப் பீறிட்டது.

"அம்மா, நீ மறுபடி வயசுக்கு வந்துட்ட!"

"போடி அங்கிட்டு!"

"இல்லம்மா, டயர் மேல குந்தவச்சிருக்காங்க. சடங்கு செய்யாம விடலாமா?"

வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. சாயந்தரம் ஹபீலா கடைப் பெட்டியில் ஒரு மஞ்சள் புடவையோடு வந்தாள். சர்மிளா உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றினாள். ஆட்டோவில் சாமி படத்துக்குத் தொங்கிய பிளாஸ்டிக் மாலையைக் கழற்றி அம்மாவின் கழுத்தில் போட்டாள். "பொண்ணுக்கு வயசு அம்பத்தொண்ணு, முட்டிக்கால் கொஞ்சம் வலி, மத்தபடி நல்ல குணம்" என்று ஹபீலா மாப்பிள்ளை தேடும் விளம்பரம் போல வாசித்தாள். திவாகரன் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்க்க, "இந்தா, தாய் மாமன் வந்துட்டாரு" என்றாள் சர்மிளா. அவன் வந்த வழியே திரும்பி ஓடினான். கலாராணி களியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணீர் வரச் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பிறந்த பன்வில தோட்டத்து லயன் வீட்டின் மூலை ஒன்று நினைவுக்கு வந்தது. பதின்மூன்று வயதில் பதினாறு நாள் அந்த மூலையில் உட்காரவைத்தார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சாகப்போகிறோம் என்று நினைத்து, தன் பாவாடைகளைத் தங்கச்சிக்குப் பங்கு வைத்தாள். இன்றைக்கு அப்படியில்லை. என்ன நடக்கிறது, எந்த மாத்திரையால் நடக்கிறது என்று எல்லாம் தெரியும். அவள் இன்னொரு வாய் களி கேட்டாள்.

"சிரிக்கிற விசயமாடி இது?" ரத்தினம்மா கலண்டரைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். "இன்னயோட எண்ணிப் பாரு. அடுத்த மாசம் எப்ப வருது? கடைசி வெள்ளி! பான வைக்கிற அன்னிக்கு!"

எண்ணிப் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது.

"ரெண்டாவது மாத்திரதானே இதக் கொண்டு வருது? அத மட்டும் இந்த ஒரு மாசம் விட்டுரு" என்றாள் ரத்தினம்மா.

"ஆமா கலா, ஒரு மாசந்தானே" என்றான் திவாகரன் கதவுக்கு வெளியே இருந்து.

"ஒரு மாசந்தானேன்னு ஒங்க ஆட்டோவ பிரேக் இல்லாம ஓட்டுவீங்களா?" கலாராணி எழுந்து நின்றாள். மாலை ஒரு பக்கமாகச் சரிந்தது. "ஒண்ண விட்டா மத்தது ஆபத்துன்னு டாக்டர் சொல்லிருக்காங்க. ரெண்டையும் விட்டா நான் மறுபடி தூங்காம பைத்தியமாத் திரியணும். முடியாதுங்க. நான் ரெண்டையும் போடத்தான் போறேன்."

அவள் குரல் உயர்ந்து அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அப்ப நீயே போய்க் கமிட்டியில சொல்லு" என்றாள் ரத்தினம்மா. "மறைச்சு வச்சுப் பொங்க நான் விடமாட்டேன்."

சொல்லலாம் என்று கலாராணியும் முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளும் ரத்தினம்மாவுமாக முத்துலிங்கத்தின் வீட்டுக்குப் போனார்கள். கலாராணி சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, மருந்து எடுக்கிறதால எனக்கு மாதவிலக்கு திரும்பி வருது. திருவிழா அன்னிக்கும் வரும். அது வியாதியும் இல்ல, குத்தமும் இல்ல. எனக்குப் பொங்கச் சம்மதம். ஒங்களுக்குச் சம்மதமான்னு கேக்க வந்தோம்."

முத்துலிங்கத்தின் முகம் போன போக்கைப் பார்க்க, கலாராணிக்கு மாத்திரை போடாமலே சிரிப்பு வந்தது. அவர் கூரையைப் பார்த்தார். வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார்.

"இத ஏம்மா எங்கிட்ட வந்து சொல்றீங்க? இத்தன வருசத்துல நாங்க யாராச்சும் ஒங்ககிட்ட கேட்டிருக்கமா? சொல்லாம வந்து பான வச்சிருந்தா ஒரு கொழப்பமும் இல்லியே. இப்ப காதுல விழுந்திருச்சு. காதுல விழுந்த பெறகு நான் என்னா செய்ய?"

"சொல்லாட்டித் தீட்டு இல்லியா ஐயா?" என்றாள் ரத்தினம்மா. அவள் குரல் விசித்திரமாக இருந்தது.

"நமக்குத் தெரியாதது நம்மளப் பாதிக்காதுங்கம்மா."

முதல் பானையை அந்த வருடம் வேறொரு வீட்டுக்குக் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் ரத்தினம்மா முன்னால் நடந்தாள். கலாராணி ஒரு பெரிய சண்டையை எதிர்பார்த்திருந்தாள். வீட்டு வாசலில்தான் ரத்தினம்மா வாய் திறந்தாள்.

"நான் சொன்னேன் கலா. கல்யாணமான மூணாம் வருசம். அரிசி களைஞ்சு, பான கழுவி, பொட்டு வச்சு எல்லாம் முடிச்ச பெறகு வந்துச்சு. ஓடிப்போய்ச் சொன்னேன். கோயிலுக்கு வெளிய, மழையில, ரோட்டோரமா நின்னேன். ஒருத்தரும் கேக்கவே இல்லியாமே."

திருவிழா வெள்ளியன்று தப்பு மேளச் சத்தம் சந்து முழுவதும் கேட்டது. ரத்தினம்மா கோயிலுக்குப் போகவில்லை. சமையலறையில் இருந்து கலாராணியைக் கூப்பிட்டாள். அது அவளுடைய மூன்று நாளில் இரண்டாவது நாள். கலாராணி வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா. தேங்காயத் துருவு."

கலாராணி உள்ளே போனாள். சின்னப் பானை ஒன்றில் பொங்கல் வேகத் தொடங்கியது. ரத்தினம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த மாத்திர எனக்கும் குடுப்பாங்களா?"

"ஒங்களுக்கா அண்ணி?"

"பன்னெண்டு வருசமா எரியுது. நான் தாலி அறுத்தவ, ஆத்தாவுக்கு எம்மேல கோவம்னு இருந்தேன். மஞ்சத் தண்ணியா ஊத்திக்கிட்டேன். ஒனக்கு எரியிதுன்னு நீ சொன்னப்பதான்..." பானை பொங்கி வழிந்தது. இருவருமே அதை இறக்கவில்லை.

திங்கட்கிழமை கிளினிக்கில் டாக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டார். இரத்த அழுத்தம் பார்த்தார். அறுபத்துமூன்று வயதில், நின்று இத்தனை வருடம் கழித்து, இந்த மாத்திரைகளைப் புதிதாகத் தொடங்குவது நல்லதல்ல என்றார். எரிச்சலைக் குறைக்க வேறு மருந்து இருக்கிறது, எழுதித் தருகிறேன் என்றார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"பத்து வருசத்துக்கு முன்ன வந்திருக்கலாமே அம்மா."

ரத்தினம்மா மருந்துச் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

திரும்பும்போது கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஒரே கூட்டம். ரத்தினம்மாவுக்கு மட்டும் இருக்கை கிடைத்தது. பக்கத்தில் நாற்பத்தெட்டு, ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், ஜன்னலை முழுவதும் திறந்துவைத்து, பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியால் விசிறிக்கொண்டிருந்தாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. ரத்தினம்மா அவள் கழுத்துச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏம்மா," என்றாள், பஸ்ஸில் அலறிய பாட்டுச் சத்தத்தையும் தாண்டி. "ஒனக்கு மாதவிலக்கு நின்னுபோச்சா?"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள். கொண்டக்டர் எண்ணிக்கொண்டிருந்த மிச்சக் காசை மறந்தான். கலாராணி கம்பியைப் பிடித்துக்கொண்டு சேலை முந்தானையால் வாயை மூடினாள். தோள் குலுங்கியது. அந்தப் பெண் ஒரு கணம் திகைத்தாள். பிறகு கொப்பியை மடியில் வைத்துவிட்டு, இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஆறு மாசமாச்சு அம்மா. யார்கிட்ட கேக்கிறதுன்னே தெரியல."

"அண்ணி, மஹய்யாவ வந்திருச்சு. எறங்கணும்" என்றாள் கலாராணி.

"அடுத்த ஹோல்ட்ல எறங்குவோம், பொறு" என்றாள் ரத்தினம்மா, திரும்பிப் பார்க்காமல். "இந்தப் புள்ளைக்கு மொதல்ல வெவரம் சொல்லணும்."