நிச்சயமா என்று கேட்ட பெட்டி

இலவசம் என்று எங்காவது எழுதியிருந்தால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. வலைத்தளம் கட்டுவதுதான் தொழில். ஆனால் சொந்தமாக ஒரு பட்டன்கூட வரைந்தவனில்லை. யாரோ புண்ணியவான்கள் செய்து இணையத்தில் போட்டு வைத்திருக்கிற பட்டன், பட்டியல், நாட்காட்டி எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து, நிறத்தை மாற்றி ஒட்டிவிடுவான். ஆபீஸில் அவனுக்குக் காக்கா என்று பெயர். அவனும் கோபித்துக்கொண்டதில்லை.

இந்தத் தடவை ஒரு தொழிற்சாலைக்கு ஊழியர் பதிவேடு செய்துகொண்டிருந்தான். பட்டியலில் ஒருவரை அழிக்கும்போது, தெரியாமல் கை பட்டுவிட்டதோ என்று கேட்டு உறுதி செய்துகொள்ள ஒரு சின்னப் பெட்டி வேண்டியிருந்தது. தேடியதில் ஒரு பக்கம் அகப்பட்டது. விளம்பரம் இல்லை, செய்தவர் பெயர் இல்லை, மின்னஞ்சலைக் கொடு என்ற தொல்லையும் இல்லை. வெள்ளைப் பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு பெட்டி. கீழே, ‘இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம்.’

எடுத்தான், ஒட்டினான். அந்தப் புரோகிராம் கோடின் தலையில் இருபது வரிக் குறிப்பு ஒன்று இருந்தது. அந்த இடத்தில் எப்போதும் உரிமம், நிபந்தனை என்று வளவளவென்று எழுதியிருக்கும். பிழைக்கத் தெரிந்தவன் எவனும் அதைப் படிப்பதில்லை. திரையில் தெரியாதபடி மடக்கி வைத்துவிட்டான்.

சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டுமே. மற்றவர்கள் வாய்க்கு வந்த எழுத்தைத் தட்டி நிரப்புவார்கள். இவன் எப்போதும் தன் வீட்டாரையே போடுவான்: மாமனார், மனைவி, ஏழு வயது மகள். பிறந்த தேதி, முகவரி எல்லாம் அப்படியே. புதிதாக யோசிக்கச் சோம்பல், வேறென்ன.

பகல் பன்னிரண்டு மணிக்கு மாமனாரின் வரிசையில் ‘அழி’ என்பதை அழுத்தினான். பெட்டி வந்தது. ‘நிச்சயமா?’ என்று கேட்டது. ஒரு நாளைக்கு நூறு தடவை ஆமாம் சொல்லிப் பழகிய கை, கண் படிக்கும்வரை காத்திருக்குமா? அழுத்தியது. வரிசை போனது. பெட்டி மட்டும் ஒரு கணம் தாமதித்துவிட்டுப் போனது. பிரமாதம் என்று சொல்லிக்கொண்டு வேலையைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சாப்பிட வீட்டுக்குக் கிளம்பினான். வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

வழக்கமாகக் கதவைத் திறப்பது மாமனார். இன்று மனைவி திறந்தாள். ஜன்னலோரம் அவர் கட்டில் கிடக்கும் இடத்தில் துணி தேய்க்கும் மேஜை நின்றது.

"மாமா எங்க? வெளிய போயிருக்காரா?"

"எந்த மாமா?"

"உங்கப்பாதான்."

சாதம் போட்டுக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "என்ன பேச்சு இது? அப்பான்னு ஒருத்தர நான் பாத்ததே இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா? சித்தப்பாதான என்னை வளத்தார். விளையாடறதுக்கு வேற விஷயமே கெடைக்கலையா உங்களுக்கு?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

அவள் வேடிக்கை பண்ணுகிறவளில்லை. இன்று காலைதான் குழாயைச் சரியாக மூடவில்லை என்று அந்த மனுஷர் இவனை வறுத்தெடுத்தார். இவன் போனை எடுத்துப் படங்களைப் புரட்டினான். அவர் நின்ற இடத்தில் எல்லாம் சுவர் இருந்தது. கல்யாணப் படத்தில் அவர் இடத்தில் மனைவியின் சித்தப்பா நின்றார்.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்து, மடக்கி வைத்த இருபது வரியை விரித்தான். உரிமமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் வீட்டில் பேசுகிற மொழியிலேயே எழுதியிருந்தது. எந்தக் கோடிலும் அப்படி ஒரு குறிப்பை அவன் பார்த்ததில்லை. ‘அழிக்கப்பட்டவர் இருந்ததாக யாருக்கும் நினைவிருக்காது. அழுத்தியவருக்கு மட்டும் இருக்கும்.’ கடைசி வரியில், ‘மீட்கும் வசதி கிடையாது.’

பட்டியலில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

சோதனை பார்க்கும் பெண்ணுக்கு ஆபீஸில் துடைப்பம் என்று பெயர். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முடித்ததும், சோதனைக்காகப் போட்ட ஆட்களை ஒருவர்கூட விடாமல் அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அதுவும் அடியிலிருந்து மேலே. அடியில் இருப்பது மகள்.

போன் செய்தான். அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனை டிராயருக்குள் போட்டுவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொள்கிறவள் அவள். இங்கிருந்தே பெட்டியை எடுத்துவிடலாம் என்றால், அந்த சர்வர் ஆபீஸுக்கு வெளியே திறக்காது. செருப்புகூடப் போடாமல் ஓடினான். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பாளே என் தங்கம், என்ன பாவம் பண்ணினாள், அழுத்திவிடாதே அம்மா, அழுத்திவிடாதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இரண்டு தெருவையும் கடந்தான். ஆபீஸ் படிகளை இரண்டிரண்டாகத் தாவினான்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் தடுக்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். ஏதோ சொல்லிக்கொண்டே வந்தோமே என்று தோன்றியது. போகட்டும், மனைவி அந்தப் பட்டியலில் இருக்கிறாள். கல்யாணமான பத்து வருஷத்தில் அவனுக்கு அவள், அவளுக்கு அவன் என்று ஆகிவிட்டது. அவளும் போய்விட்டால் யார் இருக்கிறார்கள் அவனுக்கு? மறுபடி ஓடினான்.

துடைப்பத்தின் கை மவுஸில் இருந்தது. திரையில் ஒரே ஒரு வரிசை. அவன் அவள் கையையே பிடித்து இழுத்துவிட்டான்.

"ஐயோ, என்னண்ணா?" காதிலிருந்து பாட்டைக் கழற்றினாள் அவள்.

"தொடாத! அந்தப் பெட்டியத் தொடாத!" மனைவியின் பெயர் திரையில் பத்திரமாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவனுக்கு. நாற்காலியில் சரிந்து சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பொழச்சேன். நல்லவேளை, ஒண்ணும் ஆகல."

"அண்ணியோடதை இன்னும் தொடவே இல்லண்ணா. பாப்பாவோடதை மட்டும்தான் அழிச்சேன்."

"எந்தப் பாப்பா?"

கேட்ட பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. கொஞ்சம் முன்னால் வீட்டில் மனைவி கேட்டதும் இதே குரலில்தான். துடைப்பம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவன் நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தான். துக்கம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தாளா?" என்றான். "எப்படி இருப்பா? சொல்லும்மா. உனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்."

அவள் திரையில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"ரெண்டே ரெண்டு தடவைதாண்ணா பாத்திருக்கேன்."