அப்பா பெயரில் உரிமம்

மகள் அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது மாமியார் பேசினாள்.

"இந்த அறையில் புகை உள்ளது. தயவுசெய்து அணைக்கவும்."

கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மேலே பார்த்தார்கள். கூரையில் பதித்திருந்த வெள்ளை வட்டத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மாமியார் என்பது அந்தக் கருவிக்கு அப்பா வைத்த பெயர். புகை பிடிக்க உரிமம் வாங்கியவர் வீட்டில் அரசாங்கமே வந்து மாட்டிவிட்டுப் போவது அது. வீட்டில் ஒரே ஒரு அறையில் மட்டும் பிடிக்கலாம். மற்ற அறைகளில் இழையளவு புகை தெரிந்தாலும் கண்டுபிடித்துக் குரல் கொடுக்கும். அதோடு விடாமல் அலுவலகத்துக்கும் கோள் சொல்லிவிடும். "எடுத்ததுக்கெல்லாம் குத்தம் கண்டுபிடிக்கிறவளுக்கு வேற என்ன பேரு வைக்கிறது?" என்பார் அப்பா.

அவர் உயிரோடு இருந்தவரை கூடத்து மாமியார் ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை. விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். இதயம் என்றார் மருத்துவர். இப்போது கட்டிலில் வெள்ளை விரிப்பின் மேல் கிடக்கிறார், இப்போது போய் அது பேசுகிறது.

"அண்ணன் பத்த வச்சிட்டாரு போல" என்றார் சித்தப்பா, பாதி விளையாட்டாக.

யாரும் சிரிக்கவில்லை. வாசனை நிஜமாகவே வந்தது. மகள் சின்ன வயதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே வாசனை. புதிதாகப் பற்ற வைத்ததுபோல் காரமாக இருந்தது.

"சித்தப்பா, நீங்களா?"

"நான் விட்டு எவ்வளவு நாளாச்சு! உங்க ஆபீசுக்கு நடக்க முடியாமத்தானே விட்டேன். ஒரு மனுசன் தன் நுரையீரல வச்சுக்கிட்டு என்ன பண்ணணும்னு உங்கிட்ட மனு போடணும்னா, எவன்மா பிடிப்பான்?"

வேறு நாளாக இருந்தால் அவள் சண்டைக்குப் போயிருப்பாள். புகை உரிமத் துறையில் கண்காணிப்பாளர் அவள். உரிமம் கொடுப்பது, புதுப்பிப்பது, ரத்து செய்வது எல்லாம் அவள் மேசையில்தான். வேலையை வேலைக்காக மட்டும் செய்கிறவள் இல்லை, அந்தச் சட்டத்தை மனதார நம்புகிறவள். அதனால்தான் அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். உரிமம் இல்லாதவர் வீட்டுக்குள் புகை பிடித்தார் என்றால் வீட்டைப் பூட்டி முத்திரை வைப்பார்கள். புருஷன் செத்த அன்றைக்கே அம்மா தெருவில் நிற்க வேண்டியிருக்கும். ஆய்வாளர் இந்நேரம் கிளம்பியிருப்பார்.

அவசரமாக அப்பாவின் கைப்பொத்தானைப் போட அவர் கையைத் திருப்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மனு கொடுக்க வருகிறவர்களின் விரல்களைத்தான் அவள் முதலில் பார்ப்பாள். வாய் பொய் சொல்லும், விரல் சொல்லாது. நாள்பட்ட கை என்றால் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் மஞ்சள் ஏறியிருக்கும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் ஏறிக் கறுத்த நகங்கள், உள்ளங்கையில் பழைய கம்பி கிழித்த தழும்பு. மஞ்சள் கறை மட்டும் எங்கேயும் இல்லை. ஊர்ப்பட்ட கைகளைப் பார்த்தவள், சொந்த அப்பாவின் கையை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

பார்த்திருக்க வாய்ப்பும் இல்லை. அவள் வந்தாலே அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்பார். பேத்தியைத் தூக்க ஆசையாக வந்தவரிடம், "முதல்ல அந்தக் கருமத்த விடுங்க, அப்புறம் தொடுங்க" என்று அவள் சொன்னாள். "என்னம்மா பண்றது, பழகிப்போச்சு" என்று சிரித்துவிட்டு அவர் விலகிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

அவள் எழுந்து பின்பக்கத்து அறைக்குப் போனாள். அனுமதி பெற்ற அறை அதுதான். இத்தனை வருடத்தில் அவள் அதன் வாசலைத் தாண்டியதில்லை.

சின்ன அறை. ஜன்னல் ஓரமாக மெத்தை வைத்த நாற்காலி. கதவை ஒட்டி ஒரு முக்காலி, அதன் கீழே அப்பாவின் திருப்புளிகளும் பிரித்துப் போட்ட ஏதோ ஒரு சுவிட்சும் கிடந்தன. சாம்பல் கிண்ணம் இருந்தது முக்காலி பக்கம் இல்லை, நாற்காலி பக்கம். அதற்குள் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. அதன் நுனி தீயில் கருகியிருந்தது.

விரலில் கறை படாமல் இருக்கச் சிகரெட்டை இப்படிக் கொண்டை ஊசியில் செருகிப் பிடிப்பவர்களை அவளுக்குத் தெரியும். உரிமம் கிடைக்காத பெண்கள் செய்கிற வேலை அது. ஆசிரியைகள், நர்சுகள். கையும் களவுமாகப் பிடிபடும்போது பறிமுதல் செய்த ஊசிகள் அலுவலகத்தில் ஒரு டப்பா நிறைய இருந்தன.

அவள் கூடத்துக்குத் திரும்பி அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அம்மா கட்டிலின் தலைமாட்டில் நாற்காலியில் அசையாமல் இருந்தாள்.

"எத்தன வருஷமா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

எதைக் கேட்கிறாள் என்று அம்மா கேட்கவில்லை.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து. பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கறவளுக்கு லைசென்ஸ் குடுப்பாங்களா? தெரிஞ்சா வேலையே போயிடும். உங்கப்பாவே போயி அவரு பேர்ல எழுதிக் குடுத்து வாங்கிட்டு வந்தாரு. ஒரு தடவ கூட வாயில வச்சதில்ல அவரு. நான் பிடிப்பேன், அவரு கதவுகிட்ட உக்காந்து எதையாச்சும் கழட்டி மாட்டிக்கிட்டிருப்பாரு."

"ரிட்டயர் ஆனப்புறமாவது நீயே வாங்கியிருக்கலாமே?"

"அறுவதுக்கு மேல புதுசு கிடையாதுன்னு நீதானேடி எல்லார்கிட்டயும் சொல்ற?"

மகள் கட்டிலில் கிடந்த கையைப் பார்த்தாள். "நான் அவர அந்தப் பேச்சு பேசினப்ப... நீ பக்கத்துலதாம்மா நின்ன."

"அன்னிக்கு ராத்திரியே, அவகிட்ட சொல்லிடறேன்னு சொன்னேன். வேணாம்னுட்டாரு. ரெண்டு பேர்ல ஒருத்தர் மேலயாவது அவளுக்கு மரியாதை இருந்துட்டுப் போகட்டும்னாரு."

மகளுக்குக் கோபம் பொங்கியது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சரி, இன்னைக்காவது சும்மா இருந்திருக்கக் கூடாதா? பொணத்த வச்சுக்கிட்டு எப்படிம்மா மனசு வந்துது?"

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"நானா? விடிஞ்சதுலேர்ந்து இந்த எடத்த விட்டு எந்திரிச்சேனா நான்?"

எழுந்திருக்கவில்லைதான். வந்ததிலிருந்து மகள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தண்ணீர் குடிக்கக்கூட அம்மா அசையவில்லை.

"வீட்டுல ஒண்ணுகூட இல்லடி. நேத்தோட தீந்துபோச்சு. காலைல போயி வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் படுத்தாரு." அம்மாவின் குரல் இறங்கியது. "ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்களேன்னு எப்பவாச்சும் கேப்பேன். நான் போய்ச் சேந்தப்புறம் நிதானமா பிடிச்சுக்கறேன், அப்ப எந்த மாமியாரும் என்னைக் கேக்க முடியாதும்பாரு."

"இந்த அறையில் புகை உள்ளது" என்றது கூரை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வாசலுக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா பேயறைந்த மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஜன்னல்கள் எல்லாம் திறந்துதான் கிடந்தன. காற்றும் வந்தது. வாசனை மட்டும் போகவில்லை.

ஆய்வாளர் வந்தபோது காலணியைக் கழற்றவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். போன வருடம்தான் மகளிடம் பயிற்சிக்கு வந்த இளைஞர்.

"மன்னிச்சுக்கங்க மேடம். உங்க வீடுன்னு தெரியும். ஆனா சிக்னல் வந்துட்டா..."

"தெரியும். உங்க வேலைய செய்யுங்க."

அவர் புகை அளக்கும் கைக்கருவியை எடுத்துக்கொண்டு நடந்தார். வாசலில் எண் குறைவாகக் காட்டியது. பின்பக்கத்து அறையில் அதைவிடக் குறைவு. கூடத்துக்குள் வந்ததும் ஏறியது. கட்டிலை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போனது. அப்பாவின் காலடியிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து முகத்துக்கு. உதடுகளுக்கு நேராகப் பிடித்தபோது கருவி கீச்சிட்டது. ஆய்வாளர் அதைத் தட்டிப் பார்த்தார், அணைத்துப் போட்டுப் பார்த்தார், மறுபடி பிடித்தார். மறுபடியும் கீச்சிட்டது. அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"யாரு மேடம் பிடிச்சது? ஒரு பேரு சொல்லியாகணும். இல்லன்னா..."

அம்மா நாற்காலியின் கையை ஊன்றி எழப் பார்த்தாள். "தம்பி, அது வந்து..."

மகள் எழுந்து அம்மாவின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சொல்லப்போவது பொய்யா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பா" என்றாள்.

"மேடம்?"

"அவரு பேர்லதான் லைசென்ஸ் இருக்கு. இறந்தவங்க லைசென்ஸ் எப்ப முடியும்? ரத்துன்னு நான் பதிஞ்சப்புறம்தான். நான் இன்னைக்கு லீவு. அதனால இன்னைக்கு முழுக்க அவரு பிடிக்கலாம்."

ஆய்வாளர் அவள் முகத்தையே பார்த்தார். பயிற்சியின்போது ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் மனுவைத் திருப்பியனுப்பியவள் அவள்.

"ஆனா இது அனுமதிச்ச அறை இல்லயே மேடம்."

"முதல் தடவைதானே? எச்சரிக்கைதான். படிங்க."

"இவருக்கா?"

"வேற யாருக்கு?"

ஆய்வாளர் கட்டிலின் காலடியில் போய் நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மனப்பாடமாகத் தெரிந்ததுதான், இருந்தும் குரல் பிசிறடித்தது.

"உரிமம் பெற்றவரே, அனுமதிக்கப்பட்ட அறைக்கு வெளியே நீங்கள் புகை பிடித்தது விதிமீறல். இது உங்களுக்கு முதல் எச்சரிக்கை. மீண்டும் செய்தால் உங்கள் உரிமம் ரத்தாகும். புரிந்ததா?"

கேட்டுவிட்டு, விதிப்படி, பதிலுக்குக் காத்திருந்தார்.

சித்தப்பாகூட அண்ணன் முகத்தையே பார்த்தார். வெளியே அமரர் ஊர்தி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"புரிஞ்சுதுங்க" என்றாள் அம்மா. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். "பழகிப்போச்சு. இனிமே பிடிக்க மாட்டேன்."

ஆய்வாளர் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். எண் மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் அதை யாரிடமும் காட்டாமல் பையில் போட்டுக்கொண்டு, வாசலுக்குப் போய்க் காலணியைத் தேடினார்.